அவரை யாரும் கிண்டல் பண்ணாதீங்க

தொண்டாமுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததே பெரிய பாக்கியம், ஆனால் மனோன்மணிக்கு அந்தச் சந்தோஷம்கூட ஒட்டவில்லை. காந்திபுரத்தில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஒரே வாக்கியத்தைத்தான் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள், நடந்ததெல்லாம் நடந்து போச்சு வெள்ளிங்கிரி, நாளைக்கு வேலைக்கு வந்துருங்க. அவ்வளவுதான், இதைச் சொல்ல என்ன இருக்கிறது, ஆனால் நடந்ததெல்லாம் என்று ஆரம்பித்தால் என்ன நடந்தது என்று ஆகிவிடுமே, அதை யார் நடத்தினது, வேண்டாம், நடந்தது என்ற பேச்சே வேண்டாம், சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் என்று சொல்லலாம். ஆமாம், கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறவள் வேலை நேரத்தில் பட்டறையை விட்டுவிட்டு ஊருக்குக் கோடியில் இருக்கிற வீட்டைச் சும்மா பார்க்க வருவாளாக்கும், அவர் என்ன விவரம் தெரியாதவரா. தலையில் அடிபட்டவர்தான், பைத்தியம் இல்லை. சீ, அந்த வார்த்தை ஏன் வருகிறது. காலையில் பூங்கொடி போன் பண்ணினாள், வெள்ளிங்கிரியின் சம்சாரம், அடுப்படியில் நின்று பேசுகிறவள் மாதிரி குரலை அடக்கிக்கொண்டு. அக்கா, இவரு தோப்புக் காவலுக்குப் போறேன்னு சொல்லிட்டாருங்க, மலையடிவாரத்துல, ராத்திரி பூராத் தனியா இருக்கணும், இன்னிக்கே வரச் சொல்லியிருக்காங்க, டாக்டரு இவரைத் தனியா மட்டும் விட்டுராதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டாருங்க, நான் சொன்னாக் கேக்கறதில்ல, நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாருங்க. நீங்க சொன்னாக் கேப்பார். அடிப் பாவி, நான் சொன்னதைக் கேட்டுத்தானே அந்த மனுஷன் இப்படி ஆனான் என்று மனோன்மணிக்கு வாய்வரை வந்தது, சொல்லவில்லை, வரேன் பூங்கொடி என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

லாலி ரோடு வந்ததும் வேளாண்மைக் கல்லூரி மரங்களின் நிழல் பஸ்ஸுக்குள் விழுந்து விழுந்து போயிற்று. யாரோ ஒரு அம்மாள் கூடை நிறையக் கீரையுடன் ஏறிப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஈரக்கீரை வாசனை. கண்டக்டர் உள்ள போங்க உள்ள போங்க என்று ஓயாமல் கத்துகிறான், எங்கே போவது, உள்ளே என்ன அரண்மனையா இருக்கிறது. இப்படிக் கத்தினால் வெள்ளிங்கிரிக்கு ஆகாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இராணுவத்தில் இருந்தவர், வடக்கே ஏதோ மலைப்பாதையில் அவர் போன வண்டிக்குக் கீழே குண்டு வெடித்துத் தூக்கி எறியப்பட்டவர், வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளேதான் எல்லாம் கலங்கிப் போய்விட்டது என்று பூங்கொடி சொல்லியிருந்தாள். பட்டறையில் சேர்த்த புதிதில் மனோன்மணி பயந்துகொண்டேதான் இருந்தாள். கிரைண்டர் டெஸ்டிங் வேலை கொடுத்தாள், தயாரான கிரைண்டரில் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, கல் தட்டுகிறதா, மோட்டார் இரைகிறதா என்று பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். எல்லாக் கிரைண்டரும் ஒன்றாக ஓடும்போது காதே அடைத்துப்போகும். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் முகம் அப்படியே இளகி, கோயிலில் நிற்கிறவர் மாதிரி நிற்பார். ஒரு நாள் அவள் கேட்டே விட்டாள், இந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இல்லீங்களா. இல்லீங்கக்கா, இது ஓடறப்போ உள்ள ஓடறது கேக்கறதில்லீங்க என்றார். கேட்டாளே! சொன்னாரே! அவர் வாயாலேயே சொன்னாரே! அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அப்புறம் அந்த வேலையைச் செய்தாள், நினைக்க நினைக்கத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது, கீரைக்காரம்மா பார்ப்பாள்.

அவருக்கு ஒரே ஒரு சங்கடம், பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு வார்த்தை சட்டென்று காணாமல் போய்விடும். நாக்கு நுனிவரை வந்து நிற்கும், கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே தேடுவார், நெற்றி வேர்த்துவிடும். மோட்டார் கட்டுகிற ரங்கராசு இருக்கிறானே, வாய் மூடத் தெரியாத பயல், இழவு வீட்டுக்குப் போனாலும் அங்கே நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிறவன், அவன் இதில்தான் விளையாடுவான். அந்த இதை எடு ரங்கராசு, அந்த... அந்த... என்று அவர் கையை நீட்டினால், என்னங் மிலிட்டரி, பாயசமுங்களா என்பான். இல்லடா, அந்த... அப்ப பஞ்சாமிர்தமுங்களா, கல்யாணப் பொண்ணுங்களா, ஒண்ணு கட்டுனது போதாதுங்களா, பூங்கொடியக்காகிட்டச் சொல்லட்டுங்களா என்று அடுக்குவான். மற்றவர்கள் எல்லாம் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் நிற்பார்கள். அவர் சிரிப்பும் கோபமுமாக, ஸ்பேனர்டா எருமை என்று கத்துவார், வந்துவிடும் வார்த்தை! பட்டறையே கை தட்டும். மனோன்மணி ஆபீஸ் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துப் பல்லைக் கடிப்பாள், ஐயோ பாவம், நாட்டுக்காகப் போய் அடிபட்டு வந்த மனுஷனை இப்படியா ஏலம் போடுவது, தடிப்பயல்கள், ஒரு நாள் எல்லாருக்கும் வைக்கிறேன் என்று. அவர் கண்ணில் கோபம்தான் தெரிந்தது அவளுக்கு, சிரிப்பு தெரியவில்லை. தெரிந்திருக்கும், கண்ணா அவிந்துபோனது, தெரிந்திருக்கும், ஆனால் பாவம் என்று ஒரு தடவை முடிவு கட்டிவிட்டால் அப்புறம் பாவமாகத்தானே எல்லாம் தெரிகிறது.

பஸ் வடவள்ளியில் நின்றது, ஸ்கூல் பிள்ளைகள் இல்லாத நேரம், ஒரு கிழவர் குடையை விரித்தபடியே ஏறப் பார்க்க, கண்டக்டர் சிரித்துவிட்டான். மலை தெரிய ஆரம்பித்தது. நெருங்கிவிட்டோம், இன்னும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அந்தக் கூட்டத்துக்கு மட்டும் போகாமல் இருந்திருந்தால்! அவினாசி ரோட்டில் ஒரு ஹால், முன்னாள் படைவீரர்களை வேலைக்கு வைத்திருக்கிற முதலாளிகளுக்கு என்று அழைப்பு வந்தது. தலைக்காயம் பட்டவர்களையும், போரில் பார்த்தது மனசை விட்டுப் போகாமல் தவிக்கிறவர்களையும் எப்படி அரவணைத்து வேலை வாங்குவது என்று ஒரு டாக்டரம்மா பேசினாள், சின்னப் பெண், கணீரென்று பேசினாள். திடீர்ச் சத்தம் கூடாது, ஒரே நேரத்தில் நாலு வேலை சொல்லக் கூடாது, நடுவில் இளைப்பாற விடணும், அமைதியான இடம் சிலருக்கு உதவும். சிலருக்கு என்றுதான் சொன்னாள், இப்போது நினைத்துப் பார்த்தால் சிலருக்கு என்றது காதிலேயே இருக்கிறது, அன்றைக்கு எங்கே போயிற்றோ. மனோன்மணிக்குக் கண் கலங்கிவிட்டது, அடடா நம்ம வெள்ளிங்கிரியைப் பார்த்த மாதிரியே சொல்கிறாளே என்று. கடைசியில் அந்தப் பெண், எல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்ணு இருக்கு என்று ஆரம்பிக்கும்போது, பின்னால் டிபன் தட்டுகள் சத்தம் கேட்டது, கூட்டம் சேர்ந்தால் கை கழுவக்கூட இடம் இருக்காது என்று இவள் எழுந்து போய்விட்டாள். கேசரியும் உளுந்து வடையும். வடை நன்றாக இருந்தது. திரும்பி வந்தபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், இவளும் தட்டினாள். என்ன சொன்னாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இத்தனை நாளாக அது தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது, எல்லாத்தையும் விட முக்கியமானது என்று எதைச் சொல்லியிருப்பாள், சொல்லித்தானே இருப்பாள், எல்லாரும் கேட்டுவிட்டார்கள், வடை தின்னப் போனவளைத் தவிர.

கூட்டம் முடிந்து மறுபடி பட்டறை திறந்த அன்றைக்கே அது நடந்தது. லோடு இறக்குகிறவன் கை நழுவி எவர்சில்வர் டிரம்மைச் சிமெண்டுத் தரையில் போட்டான், இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். மனோன்மணி ஆபீஸ் ரூமுக்குள் கணக்குப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தாள், பதறியடித்து வெளியே ஓடி வந்தாள். வெள்ளிங்கிரி தரையில் கிடந்தார். அவருக்கு அடியில் ரங்கராசு கிடந்தான். சத்தம் கேட்ட உடனே பக்கத்தில் நின்றவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, அவன் மேல் தான் கவிழ்ந்து படுத்திருக்கிறார், வெடித்தால் தன் முதுகில் வெடிக்கட்டும் என்று. அதை அவள் பார்க்கவில்லை, பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவள் பார்த்தது அவர் எழுந்து தரையில் உட்கார்ந்திருந்ததை, சுற்றி நின்று எல்லாரும் சிரித்ததை, அவர் கண்ணில் தண்ணீரை. ரங்கராசு சட்டையைத் தட்டிக்கொண்டே எழுந்து, என்ர சம்சாரம் கல்யாணமான புதுசுலகூட இப்படி ஆசையாக் கட்டிப் புடிச்சதில்லீங் மிலிட்டரி என்றானாம். அதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள். அதற்குத்தான் அவரும் சிரித்திருக்கிறார், உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை, ஊருக்குத் திரும்பி வந்த பிறகு முதல் தடவையாக. எப்பேர்ப்பட்ட சிரிப்பு அது! பூங்கொடி கேட்டிருந்தால் காசு முடிந்து வைத்திருப்பாள் சாமிக்கு. ஆனால் மனோன்மணிக்கோ, ஒரு சீக்காளி மனுஷன் அழுதுகொண்டு தரையில் கிடக்கிறான், தடிமாடுகள் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். மனுசங்களாடா நீங்க, வெக்கமா இல்ல, அவரு மண்டைக்குள்ள அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்து வந்தவருடா, பேசறதே மறந்து போகுதுடா அவருக்கு, ராத்திரியில கட்டில் மேல படுக்கப் பயந்துக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போய்ப் படுக்கறாருடா, இனிமே அவரை யாராச்சும் கிண்டல் பண்ணுனீங்க, அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்.

கட்டிலுக்கு அடியில். பூங்கொடி ஒரு நாள் பட்டறைக்கு வந்திருந்தபோது, யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னது. அதைப் போய் இத்தனை ஆம்பளைகள் நடுவில்! எந்த வாய் சொன்னது, இந்த வாய்தான். சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பு நின்றது. மெல்லக் குறையவில்லை, சுவிட்சைப் போட்டு மோட்டாரை நிறுத்தினால் நிற்குமே, அப்படி நின்றது. தரையைப் பார்த்தார், கையை ஊன்றி எழுந்தார், போய் டெஸ்டிங்கில் நின்றுகொண்டார். அப்போதாவது இவளுக்குப் புரிந்ததா? இல்லை, நல்லது செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்து ஆபீஸ் ரூமுக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள், தண்ணீர் இனித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. மறுநாள் அவரைப் பின்னால் இருக்கிற பேக்கிங் ரூமுக்கு மாற்றினாள். ஜன்னலுக்குத் திரை, தனி ஃபேன், உட்கார நாற்காலி, கிரைண்டரோடு கொடுக்கிற தேங்காய்த் துருவியை அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டுகிற வேலை. அக்கா, நான் அங்கயே இருந்துக்கறனுங்களே என்றார். நீங்க பேசாம ரெஸ்டா இருங்க வெள்ளிங்கிரி, எனக்குத் தெரியும் என்றாள். எனக்குத் தெரியும்! எல்லாம் தெரிந்த மகராசி. அவர் ஏதாவது வார்த்தைக்குத் திணறினால் உடனே எடுத்துக் கொடுங்கள், தவிக்க விடாதீர்கள் என்றும் எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். கொடுத்தார்கள். அவர் கையை நீட்டுவதற்குள் ஸ்பேனர் வந்தது, கத்தரிக்கோல் வந்தது, டீ வந்தது. மிலிட்டரி போய் சார் வந்தது. ரங்கராசு, அந்த வாயாடிப் பயல், டீ எடுத்துக்கங்க சார் என்று இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து போவான். அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். யாராவது எதையாவது கீழே போட்டால் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வார்த்தையைத் தேடுவதையே விட்டுவிட்டார், தேட என்ன இருக்கிறது, வாயைத் திறந்தால்தானே. கடைசியாக வந்த அன்றைக்கு அவளிடம் வந்து நின்று ஒன்றே ஒன்று சொன்னார், கோபமாகக்கூட இல்லை, என்னைச் சுத்தி எழவு வீடு மாதிரி ஆயிப்போச்சுங்கக்கா, செத்தது யாருன்னுதான் தெரியல. சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ராத்திரி படுத்தவள்தான், இன்னும் சரியாகத் தூங்கவில்லை.

இறங்கறவங்க இறங்குங்க என்று கண்டக்டர் கத்தினான், அவளைத்தான். இறங்கினாள். பாக்கு மரங்களுக்கு நடுவே போகிற மண்பாதை, வழியெல்லாம் மழை ஈரம், செருப்பில் சேறு அப்பியது. போய்க்கொண்டே நினைத்தாள், மன்னிச்சுக்குங்க என்று காலில் விழுந்துவிட்டால் என்ன? ஐயையோ, அப்புறம் அந்த மனுஷன் அதற்கும் சேர்த்துச் சங்கடப்படுவான். வீட்டு வாசலில் வெள்ளிங்கிரி உட்கார்ந்து ஒரு பெரிய டார்ச் லைட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாக்கை விரித்து அதன்மேல் வெடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, கட்டை கட்டையாக. வாங்கக்கா, உக்காருங்க, பூங்கொடி, அக்கா வந்துருக்காங்க பாரு என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார், குரலில் ஒரு குறையும் இல்லை. இதென்னங்க வெள்ளிங்கிரி, வெடி, உங்களுக்குப் போய் என்றாள். யானைக்குங்க, மலையிலிருந்து இறங்கி வாழைக்குள்ள வந்துருமுங்க, வெடி போட்டுத்தான் முடுக்கித் தொரத்தணும். உங்களுக்கு வெடின்னா ஆகாதே. நானே பத்த வெக்கறதுங்களே, எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியுமுங்களே என்று சிரித்தார். பூங்கொடி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். வேண்டாமுங்க, அங்க தனியா, இருட்டுல, பட்டறைக்கே வந்துருங்க என்றாள் மனோன்மணி, உருட்டி உருட்டி வைத்திருந்த வாக்கியம் கடைசியில் இப்படி உடைந்துதான் வந்தது. அவர் டார்ச்சின் கண்ணாடியை மூடினார். அங்கே எல்லாரும் நல்லா இருக்காங்களா என்றார். இருக்காங்க. ரங்கராசு ஏதாச்சும் சொன்னானுங்களா என்னைப் பத்தி? அவன் ஒன்றும் சொல்லவில்லைதான். எப்படிச் சொல்லுவான், அவன் வாயில்தான் இவள் பூட்டுப் போட்டாளே, அவர் பெயரை எடுத்தாலே எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த முகம் ஒரு பதிலுக்காக நிமிர்ந்து நின்றதைப் பார்க்க முடியாமல், ஆமா, மிலிட்டரி வராததுனால டீ மிச்சமாகுதுன்னு சொன்னான் என்று ஒரு பொய்யைச் சொன்னாள், சிரிக்கவும் பார்த்தாள். அவன் அப்படிச் சொல்லலீங்கக்கா, அவன் சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் என்றார். பிறகு மலையைக் காட்டினார். அதுக எவ்வளவோ பரவால்லீங்க, யானைகிட்ட யாரும் போயி, இவனுக்கு மண்டையில அடி, பாத்து நடந்துக்கன்னு சொல்லி வெக்கலீங்களே, எல்லார்த்தையும் முடுக்கற மாதிரி என்னையும் முடுக்குமுங்க.

மனோன்மணிக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கடைசியில், எத்தனையோ நாளைக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள். நான் என்ன பண்ணா உங்களுக்கு நல்லா இருக்கும், நீங்களே சொல்லுங்க வெள்ளிங்கிரி. அவர் நிமிர்ந்தார். நிலைப்படியில் பூங்கொடி அசையவில்லை. எனக்கு வந்துங்கக்கா என்று ஆரம்பித்தார், அங்க வந்து, அந்த... அந்த... நின்றுவிட்டது. கட்டைவிரல் ஒவ்வொரு விரலாக அழுத்திக்கொண்டு போனது, சுண்டுவிரல் வரை போய்த் திரும்பி வந்தது. நெற்றியில் வேர்வை. வருகிறது, அவர் கண்ணில் அது வந்துகொண்டே இருப்பது தெரிகிறது, எங்கேயோ ஆழத்தில் இருந்து ஏறி ஏறி வருகிறது, உதடு அதற்கான இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, ஐயோ எப்படித் தவிக்கிறார், பார்க்க முடியவில்லையே, இன்னும் ஒரு நொடி தாங்காது. பழைய இடத்துக்கே மாத்திடறேன் வெள்ளிங்கிரி, டெஸ்டிங்கிலேயே நில்லுங்க, பேக்கிங் ரூமே வேண்டாம், லேட்டா வந்தாலும் பரவால்ல, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், பழையபடி இருங்கன்னு நானே சொல்லிடறேன், யாரும் உங்களைச் சார்னு கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிடறேன் என்று கொட்டித் தீர்த்துவிட்டு, மூச்சு வாங்க அவரைப் பார்த்தாள். அவர் அவள் பேசுவதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் நின்றுவிட்டிருந்தன. பூங்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இல்ல, நீங்க சொல்லுங்க, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க, சொல்லுங்க வெள்ளிங்கிரி என்றாள் மனோன்மணி, குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவளுக்காக அவர் மறுபடியும் தேடிப் பார்த்தார், கண்ணை மூடிக்கூடப் பார்த்தார்.

"என்னமோ வந்துச்சுங்கக்கா," என்றார் கடைசியில். "போயிருச்சு. போச்சாது விடுங்க. மோரைக் குடிங்க."